பேந்தர் டாங்கியில் சிம்மரிட் பூச்சு பெயர்ந்து வருவது பற்றி

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கியான பேந்தரின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாதிரியில், அசலில் இருந்த சிம்மரிட் என்னும் வரிவரியான பூச்சைக் காட்டுவதற்காகப் பக்கச் சுவரில் எம்-சீல் (பிசைந்து பூசினால் இறுகும் பசை) பரப்பி வரி போட்டபோது அது கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்ததாகவும், மறுநாள் மீதியும் தகடாகப் பெயர்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பெயர்ந்ததற்குப் பெரும்பாலும் காரணம், வார்ப்பச்சிலிருந்து பிளாஸ்டிக்கில் தங்கிவிடும் எண்ணெய்ப் பசைதான். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, 400-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பிறகே பூச வேண்டும்.

ராயபுரத்து வெக்கையில் எம்-சீல் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசாதீர்கள். பட்டாணி அளவு பிசைந்து, ஈரவிரலால் அழுத்தித் தேய்த்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாக்குங்கள். காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்க ஜெர்மானியர் பூசிய அசல் சிம்மரிட் பசையே சில மில்லிமீட்டர் தடிமன்தான். இதை அறியாமல் அப்பிய என் முதல் டைகர் டாங்கி மாதிரி, காசிமேட்டில் செதில் சீவாமல் கிடக்கும் கொடுவா போல இருந்தது. பிசுபிசுப்பு சற்று அடங்கியதும், கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் தோய்த்து, சாய்வாக அழுத்தி எடுங்கள், இழுக்க வேண்டாம். வரிகள் அளவெடுத்தாற்போல அமையாவிட்டால் கவலை வேண்டாம், அசலும் கையால் போட்டதே.

உதிர்ந்த இடங்களில் இரண்டொன்றைச் சரிசெய்யாமல் விட்டு, அங்கே செந்நிற பிரைமரை (அடிப்பூச்சு வண்ணம்) தீட்டினால் நன்றாகவே இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1944 செப்டம்பரில் தொழிற்சாலைகளில் இப்பூச்சு நிறுத்தப்பட்டது, ஆகவே உங்களுடையது அதற்குப் பிந்தைய ஜி வகைப் பேந்தர் என்றால் பூச்சே தேவையில்லை.