பைலட் எபிசோட் என்றால் என்ன? அதை மட்டும் பார்த்து ஒரு தொடரை ஒதுக்கலாமா?

முழுத் தொடருக்கும் பணம் போடுவதற்கு முன், சேனலிடம் காட்டுவதற்காக எடுக்கும் சோதனை எபிசோட்தான் பைலட். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் முதலில் காட்டும் மாதிரி வீடு போல. பார்ப்பவரை உடனே கவர வேண்டும் என்பதால் பாத்திரங்கள், பின்னணி, சிக்கல் எல்லாவற்றையும் ஒரே எபிசோடில் திணித்துவிடுவார்கள். அதனால்தான் பல பைலட்டுகள் அவசரமாகத் தெரிகின்றன. நடிகர்கள்கூட அப்புறம் மாறலாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு 2009இல் எடுத்த பைலட் சரிவரவில்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து 2011இல்தான் ஒளிபரப்பினார்கள்.

எனவே இந்த வாரம் புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கினால் மூன்று எபிசோடாவது பாருங்கள்.

ஆனால் எல்லாத் தொடரின் முதல் எபிசோடும் பைலட் அல்ல. ஓடிடி தளங்கள் பல நேரங்களில் சோதனை எதுவும் இல்லாமலே முழு சீசனுக்கும் ஒப்புதல் தந்துவிடுகின்றன.