சட்டத்தைத் தாண்டிய பட்டம்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரக்கட்டை அச்சுப் படமான ககேகவாவில் ஒரு பட்டம் மேல் விளிம்புக் கோட்டைத் தாண்டி வெள்ளை ஓரத்துக்குள் போய்விட்டதே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. கட்டை செதுக்கிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த விளிம்புக் கோடும் செர்ரி மரக் கட்டையில் செதுக்கியதுதான். கோடு வேண்டிய இடத்தில் மரம் மேடாக நிற்கும். மற்றதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவார்கள். பட்டம் வெளியே போக வேண்டுமென்றால், செதுக்குபவர் அங்கே கோட்டை நிறுத்திவிட்டு, ஓரத்திலும் பட்டத்துக்கு மரத்தை விட்டுவைக்க வேண்டும். கை தவறி நடக்கிற காரியமா இது?

ஜப்பானின் டோகைடோ நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர்களைக் காட்டி 1833-34இல் வந்த வரிசையில் ஒரு படம் இது; ககேகவா அந்த ஊர்களில் ஒன்று. பாலத்தில் ஒரு வயதான தம்பதி காற்றுக்கு எதிராகக் குனிந்து நடக்கிறார்கள். பின்னாலேயே ஒரு பொடியன், குறும்பு அவன் உடம்பிலேயே தெரிகிறது. மேலே இன்னொரு பட்டம் நூல் அறுந்து போய்க்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். காற்றை நேரடியாக வரைய முடியாதே! வளைந்த முதுகுகளையும் இந்த இரண்டு பட்டங்களையும் வைத்துத்தான் அதைக் காட்டியிருக்கிறார்.

எனக்கு வியப்பு அந்த நூல்தான். இருபக்கமும் மரத்தைச் சீவிவிட்டு, நடுவில் மெல்லிய வரப்பாக அதை நிறுத்த வேண்டும். உளி கொஞ்சம் சறுக்கினாலும் போச்சு. அந்த இடத்தைத் தோண்டி, வேறு துண்டு மரம் பதித்து, மறுபடி செதுக்க வேண்டும். படத்தில் ஹிரோஷிகே பெயர் மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. நூலைச் செதுக்கியவரை யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: ஜப்பானில் புத்தாண்டுக்குத்தானே பட்டம் விடுவார்கள்? அதே படத்தில் வயலில் நடவு நடக்கிறதே?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. புத்தாண்டுப் பட்டம் எடோவின் வழக்கம், அதாவது இன்றைய டோக்கியோ. ககேகவா பழைய டோட்டோமி மாகாணத்தைச் சேர்ந்தது. அந்தப் பக்கம் பட்டத்துக்கு மே மாதம்தான். பக்கத்து ஹமாமட்சுவில் இன்றும் மே 3 முதல் 5 வரை திருவிழா; வீட்டில் தலைப்பிள்ளை பிறந்தால் அதன் பெயரைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிடுவார்கள். நடவும் பட்டமும் சேர்ந்து வருவதில் குழப்பம் இல்லை.

கேள்வி: அந்தக் காலப் பட்டங்களில் என்ன எழுதியிருக்கும்?

பதில்: எடோ பட்டங்களில் எழுத்தும் உண்டு, அச்சுப் படங்களில் வருகிற அதே முறைத்த கண் வீரர்களும் உண்டு. சிலவற்றின் தலையில் வில்லாக ஒரு நாண் கட்டி, காற்றில் ரீங்கரிக்க விடுவார்கள். இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலை வரிசையில் மிட்சுயி துணிக்கடைப் படம் இருக்கிறதல்லவா, அதில் கூரைகளுக்கு மேல் பறக்கும் பட்டத்தில் நீண்ட ஆயுளுக்கான வாழ்த்தெழுத்து. கீழே கடைப் பலகையில் ரொக்க வியாபாரம், ஏற்றிச் சொல்லும் விலை கிடையாது என்ற அறிவிப்பு.

எனக்குப் பிடித்தது எடோவின் கசுமிகசேகி பகுதியைக் காட்டி 1857இல் ஹிரோஷிகே போட்ட படம். அதில் ஒரு பட்டத்தில் மீன் என்ற எழுத்து. வாழ்த்து என்று நினைத்துவிடாதீர்கள். படத்தை வெளியிட்ட உவோயா எய்கிச்சியின் கடை அடையாளம் அது. காசு போட்டவர், வானத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டார்!