ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு வலி கூடியது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று மாதமாக இடுப்புவலி, சமாளித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் ‘டிஸ்க் தேய்மானம்’ (முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை தேய்வது) என்று வந்தது. “இது இனிமேல் போகாது” என்றார் ரிப்போர்ட்டைக் கொடுத்தவர். அன்றிலிருந்து வலி இரண்டு மடங்காகிவிட்டது, மாத்திரைக்கும் கேட்கவில்லை. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். என் வலி நிஜமா?

பதில்: நிஜம்தான். அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடமும் இதைக் காட்டுங்கள்.

இடுப்பிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் செய்தியை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. கூட்டவும் குறைக்கவும் மேலிருந்து கட்டளை அனுப்புகிறது. ‘சரியாகிவிடும்’ என்று எதிர்பார்க்கும்போது மார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணியைப் போன்ற எண்டார்ஃபின்களைத் தானே சுரக்கிறது. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்திலேயே வலி தணிந்தவர்களுக்கு, மார்ஃபினையும் எண்டார்ஃபின்களையும் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி திரும்பக் கூடியது. பயத்துக்கும் இப்படி ஒரு ரசாயனம் உண்டு: கோலிசிஸ்டோகைனின். அது வலியை ஏற்றிவிடும்.

மாத்திரை கேட்காததற்கும் இதில் விடை இருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சூடு வைத்து வலி உண்டாக்கி, ரெமிஃபென்டனில் என்ற வலிநிவாரணியை ஒரே அளவில் ஏற்றினார்கள். ஏறுவது தெரியாமல் இருந்ததைவிட, மருந்து ஏறுகிறது என்று தெரிந்தபோது நிவாரணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. நிறுத்திவிட்டோம் என்று பொய் சொன்னதும் நிவாரணம் காணாமலே போனது. மருந்தோ உள்ளே ஏறிக்கொண்டேதான் இருந்தது!

சரி, அந்தத் ‘தேய்மானம்’? முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு இதே தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது போலத்தான். இதை ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி சேர்த்து எழுத என்ன தடை? நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காமல் கவரைக் கையில் திணித்து அனுப்பும் வழக்கத்தால் எத்தனை பேர் வலியோடு முடங்குகிறார்கள்! எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதை. ‘வலி மனதில்தான், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், எங்கள் வகுப்பில் சேருங்கள்’ என்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகளைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். பணம் கட்டாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஏனென்றால் நம்பிக்கை வலியைத் தணிக்கும். கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது, உடைந்த எலும்பைச் சேர்க்காது. கால் வலுவிழந்தால், தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி குறைந்திருந்தாலும் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ‘நல்லதே நினைப்போம்’ என்று காத்திருக்கும் விஷயமில்லை இது.

இவை எதுவும் இல்லையென்றால், உங்கள் டாக்டரிடம் ரிப்போர்ட்டை வைத்து, “இது என் வயதுக்கு வழக்கமானதா? இந்த மாத்திரை எப்போது வேலை செய்யத் தொடங்கும்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள். அப்புறம், படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடங்கள். முதலில் கொஞ்சம் வலிக்கும். அந்த வலியால் டிஸ்க் மேலும் கெட்டுவிடாது.