பாம்புக்கடி: பாம்பைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள் (கேள்வி பதில்)

மழை பிடித்து, கொல்லையில் கடலைக்காய் பறிப்பும் ராகி அறுப்பும் நடக்கிற மாதங்களில் பாம்புக்கடி கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கேட்டவற்றுக்கு, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நஞ்சு சிகிச்சை பார்க்கும் மருத்துவர் பதில் தருகிறார்.

பாலக்கோடு: டாக்டர் சார், எல்லாப் பாம்புக் கடியும் உயிரை எடுக்குமா?

இல்லை. நம் பக்கம் பார்க்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் கடித்து யாரும் சாவதில்லை. சாவுகளில் மிகப் பெரும்பங்கு நான்கால் வருகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வுக் கணக்கு சொல்கிறது. இந்த நான்கும்கூடச் சில நேரம் விஷம் இறக்காமல் வெறுமனே கடித்துவிடும். ஆனால் இறக்கியதா இல்லையா என்பது பல் தடத்தைப் பார்த்துத் தெரியாது. இரண்டு புள்ளி இருந்தால்தான் விஷம் என்பதும் தவறு. அதனால் எந்தக் கடியானாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

பென்னாகரம் மலைக் கிராமம்: எங்க ஊருக்கு வண்டி வராதுங்க. கடிச்ச உடனே என்ன செய்யணும்?

முதலில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து, வண்டி எதுவரை வரும் என்று பேசி முடிவு செய்யுங்கள். கடிபட்டவரை ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கை காலில் அணிந்த கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அவை சதையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். கை கால் முறிந்தால் கட்டுவதுபோல, கடிபட்ட காலை நீளமான குச்சியோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். தொட்டில் கட்டித் தூக்கும்போது இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்காது. ஆம்புலன்ஸ் இல்லையென்றால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டு வரலாம்.

வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். இமை எப்போது சொருகியது, ஈறில் எப்போது ரத்தம் வந்தது என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பாம்பு என்பதைவிட இது எங்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுவர ஓடாதீர்கள். வெட்டுண்ட தலையும் கடிக்கும். எட்ட நின்று போட்டோ எடுக்க முடிந்தால் போதும்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வலிக்கு டைக்ளோபினாக், ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக் கசிவு கூடும்.

காவேரிப்பட்டணம்: இறுக்கிக் கயிறு கட்டித்தான் கூட்டிட்டு வர்றாங்க. வழியிலே அவிழ்த்துடலாமா?

கட்டவே கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் சதையை அழுகச் செய்வது. ரத்த ஓட்டமும் நின்றால் காலையே எடுக்க நேரும். ஆனால் கட்டி நெடுநேரம் ஆகிவிட்டது என்றால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் மொத்தமாக உடம்பில் இறங்கி மூச்சு நிற்கலாம். ஊசி ஏற்றத் தயாராக இருக்கும் இடத்தில் நாங்கள் அவிழ்ப்போம்.

அரூர்: கடிச்சு வந்தவருக்கு ஊசி போடாம, ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயிலே வச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காங்களே?

சும்மா இல்லைங்க, அதுதான் முக்கியமான சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் உறைகிறது. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம், ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைத் தின்றுவிட்டது. கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் உறைதல் தூண்டப்படும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ வைத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும்.

உறையவில்லை, வீக்கம் வேகமாக ஏறுகிறது, இமை சொருகுகிறது என்றால் உடனே விஷமுறிவு மருந்து. முதல் தவணை பொதுவாக 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் டிரிப்ஸாக ஏற்றுவோம். தூளாக வருகிற மருந்து இது. ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி நீர் விட்டுக் கையில் மெல்ல உருட்டித்தான் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். அவசரத்தில் இங்கேதான் கை தவறும். 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. இன்னும் உறையாவிட்டால் அடுத்த தவணை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மருந்து போடுவதில்லை, கண்காணிப்போம்.

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு அரிப்பு, மூச்சுத்திணறல் வரும். அட்ரினலின் 0.5 மில்லி கிராம் (பெரியவர் அளவு) தொடைத் தசையில் போட்டால் அடங்கும். இதற்குப் பயந்து மருந்தே தொடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் உயிரை எடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையைத் தொடங்கி, பிறகு தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ அனுப்ப வேண்டும். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

ஊத்தங்கரை: ராத்திரி தரையிலே படுத்தவருக்கு விடியக்காலையிலே வயித்து வலி, வாந்தி. பாம்பா இருக்குமா?

கட்டாயம் சந்தேகப்படுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடமும் கொசுக்கடி அளவுக்கூட இருக்காது. வயிற்றுவலி, தொண்டை வலி என்று தொடங்கும். வாயுக் கோளாறு என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்தால், அடுத்து இமை விழும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும்.

நல்ல பாம்புக் கடியில் தசை செயலிழந்தால் நியோஸ்டிக்மின் என்ற ஊசி கைகொடுக்கும். கட்டுவிரியன் நரம்பு முனைகளையே சிதைப்பதால் அதற்கு அது பெரிதாகப் பயன்படாது. முனைகள் வளரும்வரை, சில நாட்கள் வென்டிலேட்டர்தான். அந்த நிலையில் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது, கை கால் அசையாது. பார்க்கிறவர்கள் போய்விட்டார் என்றே நினைப்பார்கள். அவருக்குக் காது கேட்கும். மூச்சு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். தயவுசெய்து அவசரப்பட்டுத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

கட்டிலில் படுங்கள், அல்லது கொசுவலையை பாய்க்கு அடியில் சொருகிப் படுங்கள். கொட்டாயில் நெல், ராகி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டாம்; எலி வருகிற இடத்துக்குப் பாம்பு வரும்.

தேன்கனிக்கோட்டை: பச்சிலை வைத்தியர் எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காரே?

அவரிடம் போனவர்களில் பலரைக் கடித்தது விஷமற்ற பாம்பு, அல்லது விஷம் இறங்காத கடி. அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். உண்மையில் விஷம் ஏறியவர் அங்கே இரண்டு மணி நேரம் இழந்துவிட்டு எங்களிடம் வருகிறார். ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் மருந்து முறிக்கும். நரம்பிலும் சிறுநீரகத்திலும் ஏற்கெனவே நடந்த சேதத்தை அதனால் திருப்ப முடியாது. உங்கள் பக்கத்து மலைக்காடுகளில் பச்சையாக, முக்கோணத் தலையோடு இருக்கும் மூங்கில் விரியனுக்கு இந்த மருந்து தயாரிக்கப்படவில்லை. அதன் கடி வீங்கி வலிக்கும், உயிர்போவது மிக அரிது. அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

போச்சம்பள்ளி: குழந்தைக்குப் பாதி மருந்துதானே?

இல்லை. பெரியவருக்கு எவ்வளவோ அதே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

பர்கூர்: ஊசி போட்டு வீட்டுக்கு வந்தாச்சு. இனி எதைக் கவனிக்கணும்?

கண்ணாடி விரியன் என்றால் சிறுநீர். அளவு குறைந்தாலோ, டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, முகம், கால் வீங்கினாலோ அன்றைக்கே வாருங்கள், டயாலிசிஸ் தேவைப்படலாம். 7 முதல் 10 நாளில் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் அது விஷம் திரும்பியதல்ல, மருந்தின் பின்விளைவு. மாத்திரையில் சரியாகும். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாருங்கள், எத்தனை குப்பி ஏறியது என்பது அதில் இருக்கும்.