பழைய தமிழ்ப் படங்களில், நாயகன் நாயகியைத் தவிர, எத்தனை முறை பார்த்தாலும் உங்களுக்குச் சலிக்காத நடிகர் யார்?

டி. எஸ். பாலையா. கேள்வியைப் பார்த்ததும் யோசிக்காமல் விரல் தட்டிய பெயர் இதுதான். நாகேஷ், எம். ஆர். ராதா, ரங்காராவ், தங்கவேலு என்று இங்கே ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவரையும் நான் மறுக்கப் போவதில்லை. எம். ஆர். ராதாவோடு போட்டி என்று வந்தால் எனக்கே கொஞ்சம் கை நடுங்கும். ஆனாலும் பாலையாதான். ஏன் என்று சொல்ல எங்கள் மாமாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

மாமா எழுபதுகளில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தவர். இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர், அதனால் ரீல் தீரும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும், ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கி, கொட்டகை முழுக்க விசில் பறந்து, முதலாளி ஓடி வந்துவிடுவார். இந்த வேலைக்கு நடுவே அவர் எந்தப் படத்தையும் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. சுவரில் இருந்த ஓட்டை வழியாக அவர் அதிகம் பார்த்தது மணலில் உட்கார்ந்திருந்த தலைகளைத்தான். எந்த இடத்தில் தலைகள் ஆடும், எந்த இடத்தில் பீடி வாங்க எழுந்து போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் ஒருநாள் சொன்னது: "காதலிக்க நேரமில்லை போட்டம்னா, நாகேஷ் அந்தப் பேய்க் கதையைச் சொல்லச் சொல்ல ஜனம் சும்மாதான்டே இருக்கும். பாலையா மூஞ்சி மாறும் பாரு, அப்பத்தான் கொட்டகை வெடிக்கும்."

அதுவரை நான் அந்தக் காட்சியை நாகேஷுடைய காட்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம், சின்னமலைப் பண்ணையார் விஸ்வநாதனாக பாலையா, அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகன் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துப் படம் எடுக்கக் கிளம்பி, அப்பாவிடம் ஒரு திகில் கதையைச் சொல்கிறான், அவ்வளவுதான். நாகேஷ் கையையும் குரலையும் வைத்துக் கதவு, காற்று, காலடி என்று எல்லாச் சத்தத்தையும் கொண்டுவருகிறார். பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் மாமா சொன்னபிறகு அடுத்த முறை பார்க்கும்போது கண்ணை நாகேஷ் மேலிருந்து எடுத்து பாலையா மேல் வைத்தேன். முதலில் 'இவன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்' என்ற பண்ணையாரின் அலட்சியம். பிறகு கொஞ்சம் ஆர்வம். பிறகு அந்தக் கண் மெல்ல விரிகிறது, வாய் தன்னையறியாமல் திறக்கிறது, எச்சில் விழுங்குகிறார். பணம் கேட்டு நச்சரிக்கும் தறுதலைப் பிள்ளை எதிரே இருக்கிறான் என்பதே அவருக்கு மறந்துபோகிறது. பேய் வந்தது நாகேஷ் வாயிலிருந்து இல்லை, பாலையா முகத்தில்தான் வந்தது.

இதுதான் என் பதில், மீதியெல்லாம் உதாரணம். தமிழில் பேசி நடித்தவர்கள் ஏராளம், கேட்டு நடித்தவர் பாலையா.

(இந்தப் படம் 'ப்யார் கியே ஜா' என்று 1966-ல் இந்திக்குப் போனது, அங்கே மெஹ்மூத் கதை சொல்ல ஓம் பிரகாஷ் கேட்பார். வடக்கத்திக்காரர்களுக்கு இன்றுவரை அதுதான் பெரிய நகைச்சுவைக் காட்சி. ஓம் பிரகாஷும் சாதாரண ஆள் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.)

அதே படத்தில் இன்னொரு இடம். தன்னிடம் வேலை பார்த்து, தானே வெளியே அனுப்பிய அசோக் பெரிய பணக்காரரின் மகன் என்று தெரிய வருகிறது. பொய்தான், ஆனால் பண்ணையாருக்குத் தெரியாதே. அதுவரை 'அவன் இவன்' என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் ஒரே மூச்சில் மரியாதைக்கு மாறி, "அசோகர் உங்க மகருங்களா?" என்று கேட்பாரே! அசோக்குக்கு ஒரு 'அர்', போதாது என்று மகனுக்கும் ஒரு 'அர்'. தமிழில் மரியாதை விகுதி எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், பணத்தைக் கண்டதும் ஒரு பெரிய மனிதருக்கு அந்த இலக்கணமே குழம்பிப்போகிறது. ஒரு சமூகம் முழுவதையும் ஒரு விகுதியில் கிண்டல் செய்த இடம் அது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வசதியான சொந்தக்காரர் யாராவது வாசலில் கார் நிறுத்தினால், உள்ளே யாராவது ஒருவர் "வந்தவரு யாருங்களர்?" என்று கிசுகிசுப்பார்கள்.

பாலையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் பக்கம் என்பதால் கொஞ்சம் ஊர்ப்பாசமும் இருக்கிறது, மறைக்கவில்லை. நாடகத்திலிருந்து வந்தவர். முதல் படம் 1936-ல் வந்த 'சதிலீலாவதி', எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், அதில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேடம். இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்து, ஒருவர் எங்கேயோ போனார், இன்னொருவர் அந்த உயரத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் எதிரே நின்று முப்பத்தைந்து வருஷம் நடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு வில்லன். 1949-ல் 'வேலைக்காரி'யில், பழிவாங்கத் துடிக்கும் கே. ஆர். ராமசாமியைப் பார்த்து "கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு" என்று சொல்லும் நண்பன் மணி. அண்ணாவின் வசனம், மேடைதோறும் முழங்கிய வசனம், ஆனால் அதைத் திரையில் சொன்ன குரல் பாலையாவுடையது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 1956-ல் 'மதுரை வீர'னில் எம்.ஜி.ஆருக்கு எதிரி. 1959-ல் 'பாகப்பிரிவினை'யில் சிவாஜிக்குப் பெரியப்பா.

அதனால்தான் மாமாவும் அவருடைய சிநேகிதரும் சண்டை போடாமல் பேசக்கூடிய ஒரே நடிகர் இவர். மாமா சிவாஜி கட்சி. சிநேகிதர் எம்.ஜி.ஆர் கட்சி, அதுவும் சாதாரண கட்சி இல்லை, கையில் பச்சை குத்திய கட்சி. இரண்டு பேரும் தினமும் மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வசூலைப் பற்றி இன்றைக்கும் முறைத்துக்கொள்வார்கள். எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். பேச்சு முற்றும்போது கடைக்காரரே "பாலையா" என்று ஒரு வார்த்தை போடுவார். உடனே இரண்டு பேரும் குரலை மாற்றி மிமிக்ரியில் இறங்கிவிடுவார்கள். அந்தக் குரல் அப்படி. அடித்தொண்டையில் உருண்டு, நடுவில் இழுத்து, திடீரென்று ஒரு இடத்தில் கீச்சென்று ஏறும். மைக் இல்லாத காலத்து நாடகக் குரல், கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டிய குரல். அதை சினிமாவில் அப்படியே வைத்துக்கொண்டு, எங்கே அடக்க வேண்டும் என்றும் தெரிந்துவைத்திருந்தார்.

சரி, 'திருவிளையாடல்' பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1965, ஏ. பி. நாகராஜன். ஹேமநாத பாகவதராக வந்து பாண்டிய நாட்டையே தன் பாட்டுக்கு அடிமை என்று எழுதிக் கேட்கும் வேடம். 'ஒரு நாள் போதுமா' பாடியது பாலமுரளிகிருஷ்ணா, எழுதியது கண்ணதாசன், இசை கே. வி. மகாதேவன். தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகப் பெயர்களை வரிகளுக்குள்ளேயே ஒளித்துவைத்த பாட்டு ('எழுந்தோடி' என்பதற்குள் தோடி உட்கார்ந்திருக்கும்). பாலமுரளியின் குரலுக்கும் பாலையாவின் குரலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும் திரையில் பார்க்கும்போது இந்த ஆள்தான் பாடுகிறார் என்று நாம் நம்புகிறோம், ஏனென்றால் அவர் வெறுமனே வாயசைக்கவில்லை. ஒரு பெரிய வித்வானுக்கு உள்ள கர்வம், சீடர்களைப் பார்க்கும் ஓரப்பார்வை, 'இதற்கு மேல் உங்களுக்குப் புரியாது' என்கிற தோள் அசைப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது அதற்குப் பிறகு வருகிற இரவை. விறகுவெட்டியாக வந்த சிவன் வெளியே உட்கார்ந்து பாடத் தொடங்குகிறான். 'பாட்டும் நானே', டி.எம்.எஸ். குரல், கௌரிமனோகரி ராகம். உள்ளே இருப்பவருக்கு முதலில் 'எவன்டா அது' என்ற எரிச்சல். அப்புறம் காது நிமிர்கிறது. அப்புறம் அந்தக் கர்வம் முழுவதும் முகத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகிறது. பாடியவன் யார் என்று விசாரித்தால், மறுநாள் இவரோடு போட்டியில் பாட வேண்டிய பாணபத்திரர் உனக்குப் பாட்டு வராது என்று தள்ளிவிட்ட ஆளாம்! தள்ளிவிடப்பட்டவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? அவருக்கு வரும் அந்த நடுக்கத்தில் நாம் சிரிக்கிறோம், ஆனால் பாருங்கள், ஒரு உண்மையான இசைக்காரனின் காது இருந்தால்தான் அந்த பயமே வரும். ஞானம் இல்லாத முட்டாளாக அவர் நடித்திருந்தால் அந்தக் கதையே விழுந்திருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்பும் அந்த மனிதர்மேல் எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

மூன்று வருஷம் கழித்து அதே நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்', தவில் வித்வான் முத்துராக்கு. எங்கள் பக்கத்துக் கோயில் மேளக்காரர் ஒருவர் ஒருமுறை சொன்னார், தவில்காரன் கை ஒரு வேலை செய்யும், கண் எப்போதும் நாதஸ்வரம் வாசிக்கும் நாயனக்காரன் மேலேயே இருக்கும் என்று. பாலையாவைப் பாருங்கள், படம் முழுக்க அந்தக் கண் சிவாஜியின் மேலேயே இருக்கும், கச்சேரி இல்லாத காட்சிகளில்கூட. 'நலந்தானா' பாட்டில் மோகனா ஆடிக்கொண்டே, காயம்பட்ட நாயனக்காரர் சண்முகசுந்தரத்திடம் சபைக்குத் தெரியாமல் நலம் விசாரிக்கிறாள். கேட்பது பத்மினி, பதில் சொல்லாமல் உருகுவது சிவாஜி, பக்கத்தில் தவிலோடு இருந்து இரண்டையும் புரிந்துகொள்ளும் மூன்றாவது மனிதர் இவர். சிவாஜிக்குப் பக்கத்தில் நின்று காணாமல் போகாமல் இருப்பதே பெரிய வித்தை. இதை மாமாவே ஒத்துக்கொள்வார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமலா? இருக்கிறது. ஐம்பதுகளின் வில்லன் வேடங்களில் சிலவற்றைப் பார்த்தால் மீசை, சிரிப்பு, மறுபடியும் மீசை, அவ்வளவுதான். 'ஊட்டி வரை உறவு' எனக்கு அவ்வளவாக ஒட்டாது, பண்ணையார் விஸ்வநாதனே ஊர் மாறி வந்த மாதிரி இருக்கும் (இதற்கு அடி விழும் என்று தெரியும், பரவாயில்லை). அதே 1967-ல் பாலசந்தரின் 'பாமா விஜயம்' வேறு ரகம். சினிமா நடிகை பக்கத்து வீட்டுக்கு வந்ததும் ஆடம்பரத்தில் இறங்கும் மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், நடுவில் மாமனாராக இவர். 'வரவு எட்டணா செலவு பத்தணா' பாட்டைத் தவணைக் கடன் காலத்தில் பார்த்தால் இன்னும் சுருக்கென்று இருக்கும்.

1972-ல் போய்விட்டார், அறுபது வயதுகூட ஆகவில்லை. மகன் ஜூனியர் பாலையாவும் 2023-ல் காலமானார். 'கரகாட்டக்காரன்', 'சாட்டை' பார்த்திருப்பீர்கள், அப்பாவின் ஜாடை அப்படியே இருக்கும்.

மாமாவுக்கு இப்போது காது சுத்தமாக மந்தம். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, பேரனின் செல்போனை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' கதை சொல்லும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே வைக்கவில்லை. சரியான இடத்தில் தோள் குலுங்கிச் சிரித்தார். ஹெட்போனை எடுத்து மாட்டிவிடப் போனேன், "எதுக்குடே" என்று கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.