கணினிக் கேள்வி பதில்: குரோம் மூடிக்கொண்டால் ஃபோர்மட் மருந்தல்ல

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய கோர் 2 டுவோ கணினி. றாம் 2 ஜிபி, விண்டோஸ் 7. மகள் உயர்தரம் படிக்கிறாள். குரோமில் பாட வீடியோ ஒன்றையும் கடந்தகால வினாத்தாள் ஒன்றையும் ஒன்றாகத் திறந்தால் "ஓ, ஸ்னாப்" என்று வருகிறது. சில நேரம் குரோமே காணாமல் போய்விடும். கடையில் ஃபோர்மட் செய்து தந்தார்கள். ஒரு கிழமை நன்றாக ஓடியது, பிறகு பழையபடிதான். கணினியை மாற்றத்தான் வேண்டுமா?
வாசகி, மல்லாவி

பதில்: மாற்ற வேண்டியதில்லை. இன்னொரு தடவை ஃபோர்மட் அடிக்கவும் வேண்டாம், அந்தக் காசுக்கு றாம் வாங்கலாம்.

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் "ஓ, ஸ்னாப்" காட்டி மற்றவை ஓடினால் பெரும்பாலும் நினைவகப் (றாம்) பற்றாக்குறை. குரோம் முழுவதும் மறைந்தால் நினைவகமாகவும் இருக்கலாம், எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்), வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்), கிராபிக்ஸ் டிரைவர் (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். கணினியே நீலத்திரை காட்டினால் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆனால் குற்றம் உலாவியில் இல்லை. கீழே வட்டக்கச்சி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

உங்கள் கணினியில் கணக்கு இப்படிப் போகிறது. விண்டோஸ் 7உம் வைரஸ் கார்ட்டும் எழும்பி முடிவதற்குள் 2 ஜிபியில் ஏறக்குறையப் பாதி போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் திரைக்கான நினைவகமும் அதே றாமிலிருந்துதான் வெட்டப்படுகிறது. மிச்சத்தில் குரோம் ஒவ்வொரு டேபையும் எக்ஸ்டென்ஷனையும் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டுகிறது. ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை தப்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் சின்ன றாமுக்கு அதுவே சுமை. வீடியோ ஓடும் ஒரு டேப் மட்டும் 300, 400 எம்பி பிடிப்பது சாதாரணம்.

றாம் நிரம்பியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலில் எழுதத் தொடங்கும். சி டிரைவில் இடம் இல்லாவிட்டால் அந்த ஃபைல் வளர முடியாது, அந்த இடத்தில்தான் குரோம் விழுகிறது. ஃபோர்மட் செய்த பின் ஒரு கிழமை நன்றாக ஓடியதன் காரணமும் இதுவே: சி டிரைவ் காலியாக இருந்தது, எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லை, வைரஸ் கார்ட் அப்டேட் ஆகவில்லை. எல்லாம் திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது.

சோதித்துப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மகள் வழக்கமாகத் திறப்பவற்றைத் திறக்கச் சொல்லுங்கள். விழும் நேரத்தில் நினைவகம் 90 வீதத்தைத் தாண்டி நின்றால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். குரோமுக்குள் ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல் வரும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை ஓஃப் பண்ணி வைக்காமல் ரிமூவ் செய்துவிடுங்கள். சி டிரைவில் குறைந்தது 10 ஜிபி காலியாக வையுங்கள். இரண்டு வைரஸ் கார்ட் இருந்தால் ஒன்றை அகற்றுங்கள். இரண்டும் உலாவிக்குள் கை வைப்பதால் அது மட்டுமே கிராஷுக்குப் போதும்.

வீடியோ தொடங்கும் கணத்திலேயே விழுகிறது, நினைவகமோ நிரம்பவில்லை என்றால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் ஹார்ட்வெயார் அக்சிலரேஷனை (வீடியோ வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) நிறுத்திவிட்டுக் குரோமை மூடித் திறவுங்கள். வீடியோ கொஞ்சம் தடக்குப்படலாம், 360பியில் வைத்தால் பாடம் கேட்கப் போதும்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7க்கு வந்த கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்தது. எத்தனை தரம் அழித்து இன்ஸ்டோல் செய்தாலும் அதற்கு மேல் ஏறாது. இன்றைய தளங்கள் புதிய உலாவிகளுக்காக எழுதப்படுவதால் சில பக்கங்கள் வெறுமையாகவே நிற்கும். அதற்கு ஃபயர்பொக்ஸ் 115இன் ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ் 7க்கான சாதாரண ஃபயர்பொக்ஸும் 115உடன் நின்றுவிட்டது, ஆனால் ஈஎஸ்ஆருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழக்கத்தைவிட நீண்ட காலம் கொடுத்தார்கள். அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை மட்டும் சேருங்கள். விளம்பரம் இறங்காவிட்டால் டேட்டாவும் மிச்சம், றாமும் மிச்சம்.

இனி றாம். பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் துண்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் அதே வகையைக் கேளுங்கள். கோர் 2 டுவோ மதர்போர்டுகளில் டிடிஆர் 2உம் உண்டு, டிடிஆர் 3உம் உண்டு. இரண்டிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றதை அழுத்தினால் ஸ்லொட் உடையும். ஜி 31 சிப்செட் உள்ள போர்டு என்றால் மொத்தம் 4 ஜிபிதான் ஏற்கும். ஜி 41 போர்டு 8 ஜிபி வரை ஏற்கும், ஆனால் இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டிடிஆர் 3, 4 ஜிபி துண்டு வாங்கினால் ஒரு பக்கத்துக்கு 8 வீதம் இரு பக்கமும் 16 கறுப்புச் சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 8 சிப் மட்டுமுள்ள புதிய துண்டை அந்தப் போர்டு சரியாக வாசிக்காது. உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபி போட்டாலும் 3 முதல் 3.5 வரைதான் பயன்படும். மகளின் வேலைக்கு அதுவே தாராளம்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு குரோம் திறந்த மறுகணமே மூடிக்கொள்கிறது. அழித்துத் திரும்ப இன்ஸ்டோல் செய்தும் மாற்றமில்லை. ஃபயர்பொக்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது.
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: குரோம் பழுதாகவில்லை, அது எழுதி வைக்கும் உங்கள் புரொஃபைல் (உங்கள் புக்மார்க்ஸ், அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) பழுதாகியிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் நின்றதால் ஏதோ ஒரு ஃபைல் பாதியில் நின்றுவிட்டது. குரோமை அழிக்கும்போது அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும், அதனால்தான் திரும்பப் போட்டும் பலனில்லை.

டாஸ்க் மனேஜரில் குரோம் என்று இருப்பவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும்படி செய்துகொண்டு, உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், கூகிள், குரோம், யூசர் டேட்டா என்று ஒன்றன் உள்ளே ஒன்றாகப் போனால் டிஃபோல்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள்! பெயரை மட்டும் மாற்றுங்கள். குரோம் திறந்தால் புதிய டிஃபோல்ட் ஒன்றைத் தானே உருவாக்கும். பிறகு குரோமை மூடிவிட்டுப் பழையதிலிருந்து புக்மார்க்ஸ் என்ற ஃபைலை மட்டும் புதியதற்குள் கொப்பி செய்யுங்கள். முழுவதையும் கொப்பி செய்தால் பழுதும் கூடவே வரும்.

இது மாதம் ஒருமுறை நடந்தால் ஹார்ட் டிஸ்கையும் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீல நிறத்தில் "குட்" காட்ட வேண்டும். மஞ்சளில் "கோஷன்" காட்டினால் அன்றைக்கே படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது. திகதியும் தானாக 2009க்குப் போய்விடுகிறது.
வாசகர், நெடுங்கேணி

பதில்: மதர்போர்டில் உள்ள நாணய வடிவப் பட்டரி முடிந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணினி 2009 என்று நினைப்பதால் அவை இன்னும் தொடங்கவேயில்லை என்று மறுக்கிறது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கப் போட்டு, திகதியைத் திருத்துங்கள்.

கேள்வி: காலையில் உலாவி நன்றாக ஓடுகிறது. மதியம் வீடியோ பார்த்தால் உலாவி மூடுகிறது, சில நேரம் கணினியே ரீஸ்டார்ட் ஆகிறது. தகரக் கூரை வீடு, கிரவல் வீதி ஓரம்.
வாசகர், வட்டக்கச்சி

பதில்: கேள்வியிலேயே விடை இருக்கிறது. சூடும் புழுதியும்.

வயரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 10 செக்கன் அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வெளியேறட்டும். பக்கத் தகட்டைத் திறந்து பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். புரொசசர் விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் செம்மண் புழுதி கம்பளம் மாதிரிப் படிந்திருக்கும். மேலே பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும், அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். காய்ந்த பெயின்ட் பிரஷால் கிளறி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த விசிறியின் நான்கு கால்களையும் பாருங்கள். பழைய இன்டெல் போர்டுகளில் இவை அமுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் ஊசிகள். ஒன்று கழன்றாலே தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், புரொசசர் சூட்டை விட முடியாது. கழற்றிப் பூட்டுவதானால் புரொசசர் மேலுள்ள பழைய வெப்பப் பேஸ்டைத் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதிய பேஸ்ட் வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அமுக்குங்கள். நான்கும் "டிக்" என்று கேட்க வேண்டும்.

அப்படியே றாமையும் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். மாரி ஈரத்துக்குப் பிறகு அதில் படலம் பிடிக்கும். மண்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும்.

இவ்வளவும் செய்தும் விழுந்தால் விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்கை ஓடவிட்டு, எஃப் 1 அழுத்தி எக்ஸ்டெண்டட் சோதனையைத் தெரிவுசெய்யுங்கள். நேரம் எடுக்கும், இரவில் விடலாம். ஒரேயொரு பிழை காட்டினாலும் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, குற்றமுள்ளதை எறிந்துவிடுங்கள். போர்டில் உருளை வடிவக் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால் அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால் றாம் மாற்றியும் பயனில்லை. கிணற்று மோட்டர் போடும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மின்னழுத்தம் இறங்குகிறது. அதற்கு யூபிஎஸ் (கரண்ட் இறங்கினாலும் பட்டரியில் ஓட்டும் கருவி) நல்ல வழி, வெறும் எக்ஸ்டென்ஷன் போர்டு காப்பாற்றாது.

கேள்வி: 4 ஜிபி றாம் உள்ள விண்டோஸ் 10 மடிக்கணினி. உலாவி அடிக்கடி நிற்கிறது. லினக்ஸ் போட்டால் சரிவருமா? பாமினி எழுத்துருவில் எழுதிய என் பழைய ஃபைல்கள் என்னாகும்?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: சரிவருமா என்பதைப் போடாமலே தெரிந்துகொள்ளலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான பதிப்பை இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும், இரவு டேட்டாவில் இறக்குவது நல்லது. ரூஃபஸ் என்ற மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள் (பூட்). இன்ஸ்டோல் பட்டனைத் தொடாதவரை உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மாறாது. அதில் ஃபயர்பொக்ஸைத் திறந்து வழக்கமான வேலையை ஒரு மணித்தியாலம் செய்யுங்கள். அங்கே நிற்காவிட்டால் குற்றம் உங்கள் விண்டோஸில் அல்லது ஹார்ட் டிஸ்கில், விண்டோஸில் என்றால் லினக்ஸ் உதவும். அங்கேயும் நின்றால் றாமிலோ சூட்டிலோ கோளாறு. மேலே சொன்ன எல்லா வாசகர்களுக்கும் இந்தச் சோதனை பயன்படும், ஆனால் புதிய மின்டுக்கு 64 பிட் புரொசசர் வேண்டும், பென் டிரைவிலிருந்து ஓடும்போது செய்யும் மாற்றங்களும் றாமிலேயே தங்குவதால் 2 ஜிபிக் கணினியில் தடுமாறும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், மாறுவதற்கு இது பொருத்தமான நேரமும்கூட. பாமினி எழுத்துருவின் ஃபைலை லினக்ஸில் உங்கள் எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் பழைய கடிதங்கள் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச ஒபிஸ் மென்பொருளில் திறக்கும். புதிதாக எழுதுபவற்றை யூனிகோடில் எழுதுங்கள். பாமினியில் எழுதிய எழுத்து, பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். இன்ஸ்டோல் செய்ய முடிவெடுத்தால், அதற்கு முன் எல்லா ஃபைல்களையும் இன்னொரு டிஸ்கில் கொப்பி எடுத்து, அந்த டிஸ்கை வேறொரு கணினியில் போட்டு நாலு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.