பழைய வணிகக் கட்டடம் வாங்கும் முன் நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

திருச்சியில் இருபது வருடப் பழைய கட்டடம், கீழே கடைகள், மேலே இரண்டு மாடி அலுவலகம், வாடகை நன்றாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குபவர்களோடு போய்க் கட்டடம் பார்த்துச் சொல்லும் சிவில் இன்ஜினியர் நான். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

முதலில் அப்ரூவ்டு பிளானை, அதாவது கட்டுவதற்கு அனுமதி கொடுத்த வரைபடத்தை, கேளுங்கள். வாடகைக் கணக்கை உடனே நீட்டுபவர், பிளான் என்றதும் "எங்கேயோ இருக்கு சார், தேடித் தர்றேன்" என்பார். தேடட்டும். அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். வந்ததும் டேப்போடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பிளானில் கார் பார்க்கிங் என்று போட்ட இடத்தில் ஷட்டர் இறக்கிய செல்போன் கடை இருக்கும். பக்கவாட்டில் விட்டிருக்க வேண்டிய காலியிடத்தில் ஜெனரேட்டர் ஷெட். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு ஹால். இந்த இடங்களிலிருந்து வரும் வாடகையைக் கழித்துவிட்டுத்தான் நான் விலை பேசச் சொல்வேன். 2011 அக்டோபர் இறுதியில் சென்னை ரங்கநாதன் தெருவில் விதிமீறல் என்று சீல் வைத்தபோது பெரிய கடைகளே தப்பவில்லை.

2007 ஜூலை 1க்கு முன் விதிமீறிக் கட்டியவற்றை முறைப்படுத்திக்கொள்ள அரசு வரன்முறைத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. உங்கள் கட்டடத்தின் வயதுக்கு இது பொருந்தலாம். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள், வரன்முறை செய்து கொடுத்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியும் இதையெல்லாம் கேட்கும். கட்டிமுடித்த சான்று பார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் மீரட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி கட்டடம். விற்பதற்கு முன் எல்லோரும் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அதனால் சுவரைப் பார்த்துப் பயனில்லை. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் கழிவறைக்கு நேர் கீழே ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை, வெள்ளைப் பூப்பு, கீழே தொங்கும் கான்கிரீட் செதில், அதற்குள் துருப்பிடித்த கம்பி எல்லாம் அங்கேதான் தெரியும். துரு ஏறியதும் கம்பி பருத்து, அதை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி மறைத்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டுங்கள், உள்ளே பொள்ளலான சத்தம் கேட்கும். தரைத்தளத் தூண்களின் அடிப்பகுதியையும் இதேபோல் தட்டிப் பாருங்கள். கடைக்காரர் ரேக்கை நகர்த்த முகம் சுளிப்பார், பரவாயில்லை. சந்தேகம் வந்தால் கான்கிரீட்டின் பலத்தை உடைக்காமல் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, தேவைப்பட்டால் கோர் (உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு) எடுத்துச் சோதிப்பது வரை போகலாம். வாங்கும் தொகையோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைச் செலவு.

மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றால் புரோக்கர் கட்டாயம் சொல்வார்: "இன்னும் ரெண்டு மாடி ஏத்தலாம் சார்." வருடக்கணக்காக மழையில் நின்ற கம்பி அது. அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்று அந்தக் கம்பியை வைத்துச் சொல்ல முடியாது. அஸ்திவாரம், தூண், கம்பி விவரம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லையென்றால் தூணோரம் குழி தோண்டித்தான் பார்க்க வேண்டும். அப்படியே தாங்கினாலும், மனையின் அளவுக்கு மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்ற தளப்பரப்பு விதி இடம் கொடுக்க வேண்டுமே! அந்த ரெண்டு மாடிக்கு விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.

லிஃப்ட் இருந்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஈபி மீட்டர்கள் எத்தனை, அலுவலகம் நடக்கும் மாடிக்கு வீட்டுக் கட்டணம் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கடைக்காரர்கள். பதிவு செய்யாத 11 மாத வாடகை ஒப்பந்தம் ஈசியில் (வில்லங்கச் சான்றில்) வராது. அவர்கள் பழைய ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸை நாளைக்குக் காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். விற்பவர் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு கடைக்கும் போய் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை பாக்கி உண்டா என்று கேட்டு, அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். மொத்த அட்வான்ஸையும் விலையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும்.